போனில்தான் கோளாறு

என் அக்காவின் குரல் சிறுத்துப்போனதற்கு என் போன்தான் காரணம் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு மாதம். வெட்கப்படுகிற ஆள் நானில்லை. கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்காவது தூக்கம் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொல்வார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி இதுவரை ஒருத்தரையும் சிரிக்க வைக்க முடிந்ததில்லை. முயன்று பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு பதிமூன்று வருஷம் இருக்கும். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு நிட்டிங் யூனிட்டில் பிட்டர் வேலை. பனியன் துணி பின்னுகிற வட்ட மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி உடைந்தால் மாற்ற வேண்டும், துணியில் கோடு விழுந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்து மெஷின் ஓடுகிற சத்தத்தில் எது இன்றைக்குச் சரியில்லை என்பதைக் கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே எட்டு விசைத்தறி போட்ட ஷெட். அவளும் மச்சானும் இரண்டு ஆட்களும் ஓட்டினார்கள். பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையை அதட்டி, மிரட்டி, சோறு ஊட்டி வளர்ப்பதற்கு ஒரு மனுஷி எவ்வளவு அதிகாரம் சேர்த்து வைத்திருப்பாளோ அவ்வளவும் என் தலையில்தான் இறங்கியது.

அவள் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எட்டுத் தறியும் ஓடும்போது வாசலில் நின்று கூப்பிட்டால் கடைசித் தறியில் நிற்கிற ஆள் திரும்பிப் பார்ப்பார். இருபது வருஷத் தறிச் சத்தத்தில் மச்சானுக்குக் காது பாதி போய்விட்டது. அவருக்குப் போனதெல்லாம் அவளுக்குக் குரலாக வந்துவிட்டது என்று நான் சொல்வேன். மச்சானுக்கு அது கேட்காது, அக்கா சிரிப்பாள்.

அப்போது ஊரில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். கரண்ட் வந்துவிட்டால் தறியை விட்டு யாரும் நகரமாட்டார்கள். போய்விட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தறி நின்றதும் எனக்குப் போன் போடுவாள். எங்கள் கம்பெனியில் ஜெனரேட்டர் இருந்ததால் நான் வேலையில் இருப்பேன். மங்கலத்தில் கரண்ட் போன செய்தி அந்த ஊர் லைன்மேனுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

"என்ன நாயம்?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

"ஒண்ணுமில்லக்கா. வேலைல இருக்கறேன்."

"சோறு உண்டாச்சா?"

"மணி பத்தரைதானக்கா ஆவுது."

"மணியா கேட்டேன்? உண்டாச்சான்னு கேட்டா உண்டாச்சு, உங்கலைன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லோணும்."

என் பட்டன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால்தான் அவள் பேச்சைக் கேட்க முடியும். அதனால் என் வீட்டில் என்ன குழம்பு, என் வீட்டுக்காரிக்கும் எனக்கும் எதில் சண்டை, எனக்கு மூலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் தீபாவளி போனஸில் நான் ஒரு தொடுதிரைப் போன் வாங்கினேன். எங்கள் யூனிட்டிலேயே முதல் ஆள் நான். பட்டன் போனை அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அதுவரை அவள் மச்சானின் போனில்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

புதுப் போனின் லட்சணத்தைச் சொல்கிறேன். போன் அடித்தால் திரையில் ஒரு பச்சை வட்டம் வரும். அதை விரலால் பிடித்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும். என் விரலில் எந்நேரமும் ஊசி எண்ணெய் இருக்கும். வட்டம் பாதி தூரம் வரும், வழுக்கிக்கொண்டு திரும்ப ஓடிவிடும். பனியன் வேஸ்ட் துணியில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பேன். அதற்குள் அடித்து ஓய்ந்துவிடும்.

"போன எடுக்க இத்தன நேரமாடா?" என்பாள் அக்கா.

"இழுத்துட்டு இருந்தேன்க்கா."

"எதடா இழுத்துட்டு இருந்த?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் பக்கத்து மெஷின்காரர்கள் சிரிப்பார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஹேங் ஆகிவிடும். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, சட்டையில் துடைத்து, முருகா என்று மறுபடி போட்டால் ஒரு வெளிச்சம் வந்து, ஒரு பாட்டுப் பாடி, உயிர் வர மூன்று நிமிஷம். மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்காது. போதாததற்குப் பாக்கெட்டில் கிடந்தபடி தானாகவே யாரையாவது கூப்பிடும். ஒரு நாள் நான் ஆபரேட்டர்களுக்கு நடுவில் நின்று எங்கள் மேனேஜர் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் என் பாக்கெட்டில் இருந்துகொண்டு மேனேஜரையே கூப்பிட்டுவிட்டது. மனுஷர் நாலு நிமிஷம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். மறுநாள் என்னிடம், "குரல் நல்லா வருதுங்க. ஆனா நான் அவ்வளவு மெதுவாப் பேசமாட்டனுங்க" என்றார்.

இப்படி ஏற்கெனவே பல கேஸ் இருக்கிற ஆள் மேல்தானே முதல் சந்தேகம் போகும்?

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் அக்கா பேசும்போது போனைக் காதோடு ஒட்டி வைத்தும் சரியாகக் கேட்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"சித்தெ சத்தமாப் பேசுக்கா."

"இதுக்கு மேல எங்க கத்தறது? சளியாட்ட இருக்குது சாமி. தொண்ட கட்டிக்கிச்சு."

"சளியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. போன்லதான் கோளாறு. நான் பாத்துக்கறேன்."

இதுதான் நான் சொன்னது. வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னேன்.

பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். தெற்கத்திக்காரர். கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து, காது வைக்கிற இடத்திலிருந்த சல்லடையை ஊசியால் நோண்டினார். உருண்டை உருண்டையாகப் பஞ்சு வந்தது.

"அண்ணாச்சி, இது போனா, தலகாணியா?"

நிட்டிங் கம்பெனிக் காற்றில் பஞ்சு எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். மூக்கில், புருவத்தில், டீயில் எல்லாவற்றிலும் இருக்கும். போனில் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். தெளிவாகக் கேட்டது. கேட்டதா, கேட்க வேண்டும் என்று நினைத்ததால் கேட்டதா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

"பாத்தியாக்கா, நான் சொன்னேன்ல. பஞ்சு அடச்சிருந்துது."

"உன்ற காதுலயும் எதுக்கும் ஒருக்கா நோண்டிப் பாக்கச் சொல்லு" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நாலு நாளில் பழையபடி மங்கிவிட்டது. தினமும் பல்லடம் போக முடியுமா? அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் யூனிட்டில் மெஷின் மேல் படிகிற பஞ்சை ஏர் குழாயால் அடித்து விரட்டுவோம். கம்ப்ரசர் காற்று. வேலை முடிந்ததும் சட்டை, தலை, செருப்பு எல்லாவற்றுக்கும் அதே காற்றுதான். எங்களுக்கு உலகத்தில் எது அழுக்கானாலும் ஏர் அடித்தால் போச்சு. போனைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயை அதன் காதுக்கு நேராக வைத்தேன்.

ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஆபரேட்டர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணா அண்ணா," என்றார். "போன் சின்னது. ஏர் பெருசு."

பிட்டர் நான். ஆபரேட்டர் பேச்சைக் கேட்பதாவது. அடித்தேன்.

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து உலகமே எனக்குக் கரகரத்தது. மேனேஜர் கரகரத்தார், மாமனார் கரகரத்தார். என் வீட்டுக்காரி தக்காளி வாங்கி வரச் சொன்னது ஆளைக் கடத்தி வைத்துக்கொண்டு மிரட்டுகிற மாதிரி இருந்தது. நடந்ததை வீட்டில் சொன்னபோது, "ஏனுங்க, காத்தடிக்கறதுக்கு அதென்ன சைக்கிள் டியூபுங்களா?" என்று கேட்டாள். அக்காவும் கரகரத்தாள். எல்லோரும் கரகரக்கும்போது அவள் மட்டும் ஏன் கரகரக்கிறாள் என்று யார் கேட்பார்கள்?

மறுபடி பல்லடம். "முந்தி பஞ்சு. இப்பம் புயலா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் புது ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தார். மேனேஜர் பளிச்சென்று கேட்டார். மாமனார் பளிச்சென்று கேட்டார். தக்காளியும் பழையபடி தக்காளியானது. அக்கா மட்டும் அப்படியே இருந்தாள்.

இங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு மெஷினில் மட்டும் சத்தம் மாறினால் அந்த மெஷினைத்தானே போய்ப் பார்ப்பேன்? ஆனால் என் புத்தி வேறு பக்கம் போனது. அக்கா பேசுவது என்னுடைய பழைய பட்டன் போனிலிருந்து. அப்படியென்றால் கோளாறு அந்தப் போனில். அவளிடமும் சொல்லிவிட்டேன். "என்றதுல சரி பண்ணிட்டேன்க்கா. இப்ப உன்ற போன்லதான் கோளாறு."

"என்னமோ போ. எதுலயோ ஒண்ணுல" என்றாள்.

பத்து நிமிஷப் பேச்சு ஐந்தானது, ஐந்து இரண்டானது. சோறு உண்டாச்சா என்று கேட்பாள், நான் பதில் சொல்வேன், "செரி சாமி, வெச்சர்றேன். உனக்குத்தான் கேக்கறதில்லையே" என்பாள். என் போனுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்பது போல் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

பங்குனியில் ஒரு நாள் மங்கலத்துக்கு நேரிலேயே போனேன். அவள் போனைச் சோதிக்கத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. நான் போன நேரம் கரண்ட் இருந்தது. எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்டுக்குள் யாரும் வாயால் பேசமாட்டார்கள். எல்லாம் கை ஜாடைதான். அறுந்த நூல், தீர்ந்த நூல், டீ, சாப்பாடு, நூல் கொடுக்கிற முதலாளி வருகிறார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாடை. சின்ன வயதிலிருந்து போய்வருவதால் எனக்கும் அது தெரியும். அக்கா என்னைப் பார்த்ததும் வயிற்றைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். உண்டாச்சு என்று தலையாட்டினேன். நான் போன் என்று ஜாடை காட்டினேன். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டு ஏதோ காட்டினாள். தாகமா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து நான் தலையாட்டினேன். ஒரு கணம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். குடித்தேன்.

இளைத்திருந்தாள். கரண்ட் வருகிற நேரமெல்லாம் தூங்காமல் தறி ஓட்டுகிறார்கள், இளைக்காமல் என்ன செய்வாள் என்று காரணத்தையும் நானே வைத்துக்கொண்டேன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு தறிச் சத்தம் எட்டாத தோட்டத்து வரப்பு வரைக்கும் நடந்தேன். அதிலிருந்து என் போனுக்கே போட்டேன். வலது காதில் ஒரு போன், இடது வாயோரத்தில் ஒரு போன். "அலோ, ஆருங்க பேசறது?" என்று என்னையே கேட்டு, "நான்தானுங்க" என்று எனக்கே பதில் சொன்னேன். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கணீரென்று கேட்டது. அந்தப் பக்கத்துப் போனில் கோளாறில்லை, இந்தப் பக்கத்துப் போனிலும் கோளாறில்லை.

வரப்பில் நின்றபடி யோசித்தேன். இரண்டு போனும் சரியென்றால் கெட்டுப்போனது என் காதுதான். மச்சானுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. இனி எந்த மெஷின் சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பேன், வேலை போய்விடும், பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பேன் என்று பஸ்ஸில் வரும்போதே என் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். அக்காவிடம் போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை. என் காதைப் பற்றிய கவலையில் இருந்தேன்.

காது டாக்டரிடம் போக அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆனது. பயம்தான் காரணம். போனால் சொல்லிவிடுவார்களே. கடைசியில் ஆடி மாதம் என் வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போனாள். திருப்பூரில் காது மூக்கு தொண்டை பார்க்கிற ஒரு அம்மா. கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்று மின்விசிறிச் சத்தத்துக்கு அமுக்கினேன், என் வயிற்றுச் சத்தத்துக்கு அமுக்கினேன். இரண்டாவது தடவை வைத்துத்தான் சரியாக வந்தது.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உங்க வேலைக்கு இந்தக் காது பரவாயில்லைங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏனுங்க எங்கக்கா பேசறது மட்டும் கேக்க மாட்டீங்குது?"

"மத்தவங்க பேசறது?"

"கேக்குதுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு இப்பப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

அன்றைக்குப் போன் ஒரு மக்கரும் பண்ணவில்லை. முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது.

"சொல்லு சாமி, என்ன நாயம்?" என்றாள் அக்கா. அந்தச் சின்ன அறையில், தறியும் மெஷினும் இல்லாத இடத்தில், சுவரில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி அந்தக் குரல் வந்தது. என் வீட்டுக்காரி சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டரம்மா போன் பக்கம் குனிந்தார். "அம்மா, ஒண்ணுலருந்து இருபது வரைக்கும் எண்ணுங்க."

"ஆருங்க அது?"

"டாக்டருங்க. எண்ணுங்கம்மா."

அக்கா எண்ணினாள். ஏழில் மூச்சு நின்றது. மறுபடி இழுத்துப் பிடித்துப் பதினொன்றுக்கு வந்தாள்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"போன் வாங்குனதுலருந்துங்க" என்றேன்.

வாழ்நாள் முழுவதும் ஏதாவது சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தவன் நான். இதைச் சொல்லும்போது அப்படி எதுவும் நினைக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

போனில் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க டாக்டர், கேக்குதுங்களா? என்ற தம்பி போன்ல கோளாறுங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குச் சரியாக் கேக்காதுங்க."

"கேக்குதும்மா," என்றார் டாக்டரம்மா. "நல்லாக் கேக்குது. நாளைக்குக் காலைல இங்க வந்துருங்க."

அடுத்த நாள் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தொண்டைக்குள் குழாய் விட்டு, சதை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற அன்று நானும் மச்சானும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் கையைப் பார்த்தபடி சொன்னார்.

"சோறு முழுங்கச் சிரமப்படறாளேன்னு தையிலயே கூப்புட்டேன், வா தொண்டையக் காட்டீட்டு வந்தர்லாம்னு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, தம்பி போன்லதான் கோளாறுன்னு சொல்லிட்டான், மிசினப் பத்தி அவனுக்குத் தெரியாததான்னுட்டா."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். காது கேட்காதவர் என்பதால் சத்தமாகச் சொன்னார். வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவுக்குக் குரல்வளையில் புற்று. தையில் வந்திருந்தால் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்திருக்கலாம், குரலும் மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆவணியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் பேசவில்லை. பதினோரு மாதம் இருந்தாள். அடுத்த ஆடியில் இறந்துபோனாள்.